எட்டடி நீளக் கவிதை: எதெல் அத்னான் வழியில் ஒரு விசிறி மடிப்புப் புத்தகம் செய்வது எப்படி

தன் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கிறது என்று கூச்சப்படுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முத்து முத்தாக எழுதுகிறவர்களும் செய்து பார்க்கலாம், ஆனால் அவர்களுக்கு இதில் கொஞ்சம் சிரமம் இருக்கிறது, ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் எதெல் அத்னான் யார் என்று பார்த்துவிடலாம். அவசரமாகப் புத்தகம் செய்ய வேண்டும் என்பவர்கள் பேப்பர், கத்தரி வரும் இடத்துக்குத் தாவிக்கொள்ளுங்கள், ஆனால் இவருடைய கதை தெரியாமல் செய்தால் வெறும் கைவேலையாகப் போய்விடும். கவிஞர், ஓவியர், 1925-இல் லெபனானின் பெய்ரூட்டில் பிறந்த பெண். அம்மா ஸ்மிர்னாவைச் (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) சேர்ந்த கிரேக்கப் பெண், அப்பா டமாஸ்கஸ்காரர், ஒட்டோமான் படையில் அதிகாரியாக இருந்தவர். வீட்டில் கிரேக்கமும் துருக்கியும் பேசினார்கள், பள்ளியில் கன்னியாஸ்திரிகள் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார்கள், அங்கே அரபியில் பேசி மாட்டிக்கொண்டால் தண்டனை. தெரு முழுக்க அரபி, ஆனால் பெண்ணுக்கு அரபி வராது. அப்பா ஒரு நாள் அரபி இலக்கணப் புத்தகத்தைக் கையில் கொடுத்துப் பார்த்து எழுது என்று உட்காரவைத்திருக்கிறார். என்ன எழுதுகிறோம் என்றே தெரியாமல் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள் அந்தச் சிறுமி, அது பிடித்தும் இருந்திருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முழு விஷயமும் இங்கிருந்துதான் வருகிறது.

பாரிஸில் தத்துவம் படித்துவிட்டு 1955-இல் கலிபோர்னியா போனார். சான் ரஃபேல் ஊரில் டொமினிக்கன் கல்லூரியில் 1958 முதல் 1972 வரை தத்துவம் நடத்தினார். கலையின் தத்துவம் பாடம் எடுக்கிறீர்களே, நீங்கள் படம் வரைவதில்லையா என்று ஓவியத் துறைத் தலைவர் ஆன் ஓ'ஹான்லன் கேட்கப்போய்த்தான் தூரிகையைத் தொட்டிருக்கிறார். அந்தச் சமயத்தில் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. அரபு மக்களைக் கொன்றுகொண்டிருந்த நாட்டின் மொழியில் எப்படி எழுதுவது என்று பிரெஞ்சில் எழுதவே மனம் வரவில்லை, அரபியிலோ எழுத வராது. சரி, இனி அரபியில் படம் வரைகிறேன் என்று முடிவெடுத்தார். ஒரு மொழியில் படம் வரைவது என்றால் என்ன என்று எனக்கும் முதலில் பிடிபடவில்லை. அவருடைய மடிப்புப் புத்தகங்களைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

1960-களில் அவருக்கு ஜப்பானிய மடிப்பு நோட்டுகள் அறிமுகமாயின. ஒரே நீளத் தாளை இப்படியும் அப்படியுமாக விசிறி போல மடித்து இரண்டு பக்கமும் அட்டை ஒட்டியது. மூடினால் கைக்கு அடக்கம், பிரித்தால் பல அடி. ஐரோப்பாவில் இதற்கு லெபொரெல்லோ என்று பெயர். மோசார்ட்டின் ஓபரா ஒன்றில் லெபொரெல்லோ என்கிற வேலைக்காரன் தன் எஜமான் வளைத்துப்போட்ட பெண்களின் பட்டியலைப் பிரித்துக் காட்டுவான், ஸ்பெயினில் மட்டும் 1003 பேர் என்று, அந்தப் பட்டியலை மேடையில் நீள மடிப்பாகத் தொங்கவிடுவது வழக்கம். வந்த வழி அப்படி, கண்டுகொள்ளாதீர்கள்.

இந்த நோட்டுகளில் அத்னான் செய்தது இதுதான்: தன் காலத்து அரபுக் கவிஞர்களின் கவிதைகளைத் தன் கையாலேயே பார்த்து எழுதினார், எழுத்துக்கு ஊடே மையும் நீர்வண்ணமும் சேர்த்தார். ஈராக்கியக் கவிஞர் பத்ர் ஷாகிர் அல்-சய்யாப் அவர்களில் முக்கியமானவர். அரபியில் எழுத்தணிக்கலை பல நூற்றாண்டு மரபு, அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் அளவு உண்டு, விதி உண்டு, குரு உண்டு. இவர் அந்தப் பக்கமே போகவில்லை. தன் சொந்தக் கையெழுத்தில், பள்ளிப் பிள்ளை மாதிரி எழுதினார். கவிதை முழுக்கப் புரிந்துதான் எழுதினாரா என்றால் அதுவும் இல்லை, அங்கொரு சொல் இங்கொரு வரி பிடிபடும், மெல்லிய திரைக்குப் பின்னால் பார்ப்பது போல இருக்கும், அது போதும் என்று விட்டுவிட்டார். அகராதியை எடுத்துப் புரட்டவில்லை.

அழகாக எழுதுகிறவர்களுக்குச் சிரமம் என்றேனே, இதனால்தான். பழகிய கை எழுத்தைப் பார்ப்பதில்லை, எழுதிவிட்டுப் போய்விடுகிறது. நமக்கு வேண்டியது கொஞ்சம் தடுமாறும் கை.

சரி, பேப்பருக்கு வருவோம்.

சார்ட் பேப்பர் வேண்டாம். நான் முதல் தடவை அதில்தான் செய்தேன், பளபள பக்கத்தில் மை உட்காரவில்லை, மறுபக்கம் ஊறிப் பரவி ஒவ்வொரு எழுத்துக்கும் மீசை முளைத்தது. கார்ட்ரிட்ஜ் பேப்பர் என்று கேளுங்கள், கனம் 140, 150 ஜிஎஸ்எம் போதும். 200-க்கு மேல் போனால் மடிப்பில் வெடிக்கும். 22-க்கு 28 அங்குலத் தாள் ஒன்று இருந்தால் ஒரு புத்தகம் வந்துவிடும்.

வெட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை. தாளுக்கு நார் ஓடும் திசை உண்டு, வெற்றிலையைக் கிழித்துப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாளை மேஜையில் போட்டு மடிக்காமல் லேசாக வளைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். பிறகு 90 டிகிரி திருப்பி அதேபோல. எந்தப் பக்கம் சொன்னபடி வளைகிறதோ அதுதான் நார்த் திசைக்கு இணையான வளைவு, உங்கள் மடிப்புக் கோடுகள் எல்லாம் அதற்கு இணையாக வர வேண்டும். எதிர்த்து மடித்தால் மடிப்பு விளிம்பு பிசிறு பிசிறாக உடையும், புத்தகமும் மூடியிருக்காமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். 22 அங்குலப் பக்கத்துக்கு இணையாக நார் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குச் சொல்கிறேன். உங்கள் தாளில் மாறி இருந்தால் நாடாவை, அதாவது புத்தகத்துக்காக வெட்டும் நீளத் துண்டை, மறுபக்கமாக வெட்டுங்கள், அப்போது உயரம் 7 அங்குலம், ஒரு பக்கத்தின் அகலம் 2.75 என்று வரும், ஒன்றும் மோசமில்லை.

5.5 அங்குல உயரத்தில் நான்கு நாடாக்கள் வெட்டுங்கள், ஒவ்வொன்றும் 28 அங்குல நீளம். பாதியாக மடி, அதைப் பாதியாக மடி, இன்னொரு முறை மடி, பிரித்தால் 3.5 அங்குலத்தில் எட்டுப் பக்கம். எல்லா மடிப்பையும் ஒன்று உள்ளே ஒன்று வெளியே என்று மாற்றி மாற்றித் திருப்பி அழுத்திக்கொள்ளுங்கள். நகத்தால் தேய்க்காதீர்கள், பேப்பர் மினுமினுக்கும். மேலே ஒரு துண்டுத் தாளை வைத்து ஸ்பூனின் முதுகால் தேய்த்தால் போதும்.

இப்போது ஒட்டுவது. ஒவ்வொரு நாடாவிலும் எட்டாவது பக்கத்தை அரை அங்குலம் மட்டும் விட்டு வெட்டிவிடுங்கள், அந்த அரை அங்குலம்தான் அடுத்த நாடாவின் முதுகில் ஒட்டும் நாக்கு. கடைசி நாடாவுக்கு நாக்கு தேவையில்லை, எட்டாவது பக்கத்தை முழுசாக எடுத்துவிடுங்கள். ஏழு நாலு இருபத்தெட்டு. எட்டடிக்குக் கொஞ்சம் மேல் நீளம் வரும்.

ஏன் கடைசியிலும் வெட்ட வேண்டும், ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். 29 பக்கத்தோடு எழுதி முடித்து, வண்ணம் போட்டு, அட்டை ஒட்டப்போனபோதுதான் தெரிந்தது, பக்கங்கள் ஒற்றைப்படையாக இருந்தால் முதல் பக்கத்தின் முதுகும் கடைசிப் பக்கத்தின் முகமும்தான் வெளியே வரும். கவிதையின் கடைசி வரி மேல் அட்டையை ஒட்ட வேண்டும், இல்லை அந்த வரியை வெட்ட வேண்டும். வெட்டினேன். எப்போதும் இரட்டைப்படை. வெட்டிய துண்டுகளைத் தூக்கிப் போடாமல் மை சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு நாடாவிலும் ஏழு பக்கம்தான் நிற்பதால் முதல் நாடா உள்மடிப்பில் தொடங்கினால் இரண்டாவது வெளிமடிப்பில் தொடங்க வேண்டும், மூன்றாவது மறுபடி உள்ளே. படிக்கும்போது தலை சுற்றும், கையில் வைத்துப் பார்த்தால் தானாகப் புரியும்.

பசைக்கு மைதா மாவைத் தண்ணீரில் கரைத்துச் சிறு தீயில் கிண்டுவது போதும், போஸ்டர் ஒட்டுகிறவர்கள் காய்ச்சுவதுதான். கடையில் வாங்கும் வெள்ளைப் பசையும் சரி, ஆனால் அது சீக்கிரம் காய்ந்து பிடித்துக்கொள்ளும், கோணலாக ஒட்டிவிட்டால் நகர்த்த முடியாது. மைதா பசை ஐந்து நிமிடமாவது பொறுமையாக இருக்கும். பூச்சி வராமல் இருக்கப் பழைய பைண்டர்கள் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பார்கள், அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

அட்டைக்கு பைண்டிங் அட்டை இரண்டு துண்டு, பக்கத்தைவிடச் சுற்றிலும் ஒரு நூல் பெரிதாக, அதாவது 3.75-க்கு 5.75. மேலே பழைய பருத்திச் சேலைத் துண்டு ஒட்டினால் அழகு. அட்டைகளை முதல் பக்கத்தின் முதுகிலும் கடைசிப் பக்கத்தின் முதுகிலும் ஒட்டி, உள்ளே செய்தித்தாள் வைக்காமல் வெள்ளைத் தாள் வைத்து (அச்சு மை ஒட்டிக்கொள்ளும்), மேலே அம்மிக்கல்லோ கனமான புத்தகங்களோ ஏற்றி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

எழுதிய பிறகு அட்டை போடுவதா, முன்பா? முன்பே போடுங்கள் என்பேன். 29 பக்கத் தப்பும் முன்னாலேயே தெரிந்துவிடும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: அத்னானுக்குக் கிடைத்தவை ஏற்கெனவே கட்டிய நோட்டுகள், ஒரு பக்கம் கெட்டுப்போனால் அதை மட்டும் மாற்ற முடியாது, கெட்டது கெட்டதாகவே உள்ளே இருக்கும், அடுத்த பக்கத்தில் அதற்கு ஏதாவது பதில் செய்துதான் ஆக வேண்டும். நாடாவாகக் கையில் இருந்தால் நாம் கிழித்துப் போட்டுக்கொண்டே இருப்போம்.

கவிதை இருபது வரிக்கு மிகாமல் எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக் கவிதை வேண்டாம், முதல் புத்தகத்தில் வேண்டவே வேண்டாம். சொந்தக் கவிதையை எழுதும்போது வரியைத் திருத்தத் தோன்றும், எழுத்தின் மேல் கண் நிற்காது. அடுத்தவர் கவிதையைப் பார்த்து எழுதுவதில் ஒரு நிம்மதி உண்டு. உயிரோடு இருப்பவர் கவிதை என்றால், படம் எடுத்து எங்கேயாவது போடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூங்கில் குச்சியைச் சாய்வாகச் சீவி நடுவில் கீறினால் பேனா. நான்காம் எண் தூரிகை ஒன்று. தண்ணீரில் கரையாத கறுப்பு மை ஒன்று, இது முக்கியம், சாதாரண ஃபவுண்டன் பேனா மை என்றால் மேலே வண்ணம் போட்டதும் எழுத்து எல்லாம் கரைந்து அழும்.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக் கிட்டத்தில் பார்க்கலாம். மழை. பெரிதாக, ஒரு பக்கத்துக்கு ஓர் உருவம் என்று எழுதுங்கள். முதல் பக்கத்தில் ம. அதன் வலது வளைவை மூடாமல் இழுத்து மடிப்பைத் தாண்ட விடுங்கள். இரண்டாவது பக்கத்தில் ழை-யின் முன்னால் வரும் அந்த இரட்டைச் சுழி மட்டும். காதால் கேட்டால் ழ முதலில், ஐ பிறகு, கண்ணுக்கோ சுழி முதலில் வருகிறது. நாம் ஆயுள் முழுக்க இப்படித்தான் எழுதுகிறோம், ஒரு நாளும் கவனித்ததில்லை. தனியாக ஒரு பக்கத்தில் அந்தச் சுழி நிற்கும்போது அது எழுத்தாகவே தெரியாது, நத்தையின் கொம்பு மாதிரி இருக்கும், சுருட்டி வைத்த கயிறு மாதிரி இருக்கும். மூன்றாவது பக்கத்தில் ழ, அதன் வாலைக் கீழ் விளிம்புவரை கொண்டுபோய் விடுங்கள். இப்போது புத்தகத்தை மேஜையில் நிற்கவைத்து வலது பக்கம் இருந்து பாருங்கள், விசிறி மடிப்பில் ஒரு நேரத்தில் ஒரு திசையைப் பார்க்கும் பக்கங்கள்தான் தெரியும், ம-வும் ழ-வும் தெரியும், சுழி மறைந்துவிடும். மழ. இடது பக்கம் போனால் நத்தை மட்டும். என் வீட்டில் இதைப் பார்த்த ஆறு வயதுப் பையன் இருபது தடவை மேஜையைச் சுற்றி வந்தான்.

இதைச் செய்து பார்த்த பிறகு மற்றதெல்லாம் நீங்களே கண்டுபிடிப்பீர்கள். ஒரு வரியை ஒரு பக்கத்துக்குள் அடக்கப் பார்க்காதீர்கள், அது நோட்டுப் புத்தகப் பழக்கம். நடுவில் இரண்டு மூன்று பக்கம் காலியாக விடுங்கள். ஒரு வரியைப் பொடியாக எழுதி அடுத்ததை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்குங்கள். புள்ளிகளை மட்டும் கடைசியில் வையுங்கள், ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைக்கவில்லை, படிக்கிறவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான், அதனால் கவிதை முழுவதையும் புள்ளி இல்லாமல் எழுதிவிட்டு ஒரு நாள் கழித்து உட்கார்ந்து புள்ளிகளை மட்டும் சிவப்பில் வைத்துக்கொண்டு போனால் எட்டடி நீளத்துக்கும் அது ஒரு தனி ஓட்டமாகத் தெரியும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களை லை, னை எழுதச் சொல்லிப் பாருங்கள், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய யானைத் தும்பிக்கை போட்டு எழுதுவார்கள். என்னைக் கேட்டால் அச்சில் அது போனது நல்லதுதான், ஆனால் படமாகப் பார்த்தால் தும்பிக்கைக்கு ஈடு கிடையாது, கூச்சப்படாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழும், பேசக்கூட வரும், எழுதத்தான் வராது. அவர்களை இதில் உட்காரவையுங்கள். தப்பில்லாமல் எழுது என்று பக்கத்தில் நின்று பிடுங்காதீர்கள். இலக்கணப் புத்தகத்தைப் பொருள் தெரியாமல் பார்த்து எழுதிய பெய்ரூட் பெண்ணின் நிலையில்தான் அந்தப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்கள் கை போடும் ஞ நாம் போடவே முடியாத ஞ-வாக இருக்கும்.

வண்ணத்துக்கு நான்கைந்துக்கு மேல் வேண்டாம். அத்னானின் எண்ணெய் ஓவியங்களில் டியூபிலிருந்து நேராக எடுத்த வண்ணத்தைக் கத்தியால் தட்டையாக வைத்திருப்பார், கித்தானை மேஜையில் படுக்கவைத்துக்கொண்டு பெரும்பாலும் ஒரே அமர்வில் முடித்துவிடுவார். நாற்பது, ஐம்பது வருடம் இப்படி வரைந்தவரை உலகம் பெரிதாகக் கவனித்தது 2012-இல், ஜெர்மனியின் காசெல் நகரத்து டாக்குமெண்டா கலைக் கண்காட்சியில், அப்போது அவருக்கு 87 வயது. நம் புத்தகத்தில் நீர்வண்ணம் போதும். மை நன்றாகக் காய்ந்த பிறகு, தண்ணீர் குறைவாக. எழுத்துக்குள் வண்ணம் நிரப்பாதீர்கள், கோலத்துக்குக் காவி கட்டுவது மாதிரி எழுத்தைச் சுற்றிக் கோடும் போடாதீர்கள், பள்ளி ஆண்டு விழா வரவேற்புப் பலகை ஆகிவிடும். எழுத்து ஒரு வழியில் போகட்டும், வண்ணம் குறுக்கே வேறு வழியில் போகட்டும்.

அப்புறம் சின்னங்கள். லெபனான் உள்நாட்டுப் போர்க் காலத்தில் அத்னான் பிரெஞ்சில் ஒரு நெடுங்கவிதை எழுதினார், 1980-இல் வந்தது. வரிகளுக்கு நடுவே சூரியன், அம்பு, நெளிகோடு, கிறுக்கல் என்று சின்னச் சின்ன வரைவுகள் இருக்கும், அச்சுப் புத்தகத்திலும் அப்படியே உண்டு. சொல் நின்றுபோன இடத்தில் கை தொடர்ந்து போயிருக்கிறது. அது படத்துக்கு விளக்கம் எழுதுவதோ, கவிதைக்குப் படம் போடுவதோ இல்லை. கவிதையில் மரம் என்று வந்தால் பக்கத்தில் மரம் வரையாதீர்கள், தயவுசெய்து. எழுதிக்கொண்டு போகும்போது எந்தச் சொல்லைத் திரும்ப எழுதத் தோன்றவில்லையோ, எங்கே கை தயங்குகிறதோ, அங்கே அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஒரு கோடு, ஒரு வட்டம், என்ன வருகிறதோ அதைப் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள். எட்டடியில் நான்கைந்து இடத்துக்கு மேல் வேண்டாம்.

கவிதையே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி: ஜன்னல். 1979-இல் நியூயார்க்கில் ஒரு தோழியின் ஜன்னலிலிருந்து தெரிந்த ஈஸ்ட் நதியை அத்னான் ஒரு மடிப்புப் புத்தகம் முழுக்க வரைந்திருக்கிறார். கலிபோர்னியாவில் இருந்தவரை தமல்பாய்ஸ் மலையை அலுக்காமல் வரைந்தார். உங்கள் ஜன்னலில் மலை இருக்காது, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் கேபிள் வயரும் இருக்கும். இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரம் வரை, ஒரு மணி நேரத்துக்கு ஒரு பக்கம், வயரை மட்டும் ஒரே கோடாக 28 பக்கமும் இழுத்துக்கொண்டு போங்கள், என்ன பறவை வந்து உட்கார்ந்தாலும் அதன் பெயரை அந்தக் கோட்டின் மேல் எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் உடனே மடித்து மூடிவிடாதீர்கள். தரையில் நீளமாகப் பிரித்து, ஃபேனை நிறுத்திவிட்டு, ஓரங்களில் புளியங்கொட்டையோ கூழாங்கல்லோ வைத்து ஒரு நாள் முழுக்கக் காயட்டும். கறுப்பு திட்டாக இருக்கும் இடங்களைத் தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. மழைக்காலம் என்றால் இரண்டு நாள். மடித்த பிறகு மேலே கனம் வைத்து, மைதா பசை போட்டிருந்தால் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், எறும்புக்கும் கவிதை பிடிக்கும்.